பூட்டிய வீட்டில் போன் எடுக்கிறார்கள்

ஜூலை 14, திங்கள்

ஹேமலதா மேடம் ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார். தினமும் போன் பேசி முடித்ததும் மனசில் தங்கியதை இதில் எழுதினால் பாரம் குறையுமாம். ஏதோ பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வாரக் கடைசியில் அவரே வாங்கிப் புரட்டிப் பார்ப்பாராம். மேலதிகாரி படிக்கப்போகிற நோட்டில் மனசில் தங்கியதை எழுதும் அளவுக்கு நான் வெகுளி இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். சும்மா உட்கார்ந்திருந்தால் பக்கத்து மேசை சுமதி தன் நாத்தனார் கதையை ஆரம்பித்துவிடுவாள்.

வேலை இதுதான். தனியாக இருக்கும் வயசானவர்கள், நடமாட முடியாதவர்கள் என்று திட்டத்தில் பெயர் பதிந்தவர்களுக்குக் காலையில் போன் செய்ய வேண்டும். தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா. எடுக்காவிட்டால் மாரப்பன் தன் மொபெட்டில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். பெரும்பாலும் குளித்துக்கொண்டிருப்பார்கள், இல்லாவிட்டால் கோபித்துக்கொண்டிருப்பார்கள்.

என் பெயர் வசந்தாமணி. வீட்டுக்காரர் லாரி டிரைவர், லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே லைனில் இருக்கிறார். ஒரே மகள் பவித்ரா, ஓசூரில் வேலை. என்னைப் பற்றி இவ்வளவு போதும்.

ஜூலை 16, புதன்

ஆற்றோர வீதி நாச்சம்மாளிடம் பேசினால்தான் எனக்குக் காலை விடிந்த மாதிரி இருக்கும். எழுபத்தெட்டு வயசு, குரல் கணீரென்று இருக்கும். "நாச்சம்மாங்களா, வசந்தா பேசறேன்" என்று ஆரம்பித்ததுமே, "பேசு அம்மிணி, ஸ்பீக்கர்ல போட்டுக்கறேன் இரு" என்பார். காது நன்றாகவே கேட்கிற மனுஷிக்கு எதற்கு ஸ்பீக்கர் என்று ஒருநாள் கேட்டேன். "ஊடு நெறைய சத்தம் இருந்தா நல்லாருக்குது" என்றார்.

இன்றைக்குப் பேசும்போது பின்னால் டம்ளரைத் தரையில் தட்டுகிற சத்தம். யாருங்கம்மா, ஊர்லருந்து ஒறம்பரை வந்திருக்காங்களா என்றேன். "ஒறம்பரை ஆரு வர்றாங்க எனக்கு. பூனை அது, பாத்திரத்த உருட்டுது" என்றார்.

பூனை தாளம் தப்பாமல் தட்டாது. மாத்திரை போட்டீர்களா என்று அடுத்த கேள்விக்குப் போனேன்.

ஜூலை 18, வெள்ளி

மத்தியானம் வழக்கம்போல வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தேன். ஒருத்தி சாப்பிட இந்த வெயிலில் அவ்வளவு தூரம் போய் வருவானேன், டப்பாவில் கட்டிக்கொண்டு வரக்கூடாதா என்று சுமதி கேட்டாள். சூடாகச் சாப்பிட்டால்தான் ஒத்துக்கொள்கிறது என்றேன்.

மாரப்பன் நாச்சம்மாளுக்குத் திட்டத்துச் சத்துமாவு கொடுக்கப் போயிருக்கிறார். வழக்கம்போல கேட்டுக்கு வெளியிலேயே வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டாராம். "தண்ணி கேட்டாக் கூட வெளிய கொண்டாந்துதான் குடுக்குதுங்க அந்தம்மா. நாலு எட்டு கடைக்குப் போனாலும் முன்வாசலப் பூட்டிக்கிட்டுத்தான் போகுது. உள்ள என்ன பொன்னா கொட்டிக் கெடக்குது?" என்றார். வயசான பெண் தனியாக இருந்தால் பூட்டாமல் என்ன செய்வாள் என்று அவரிடம் கொஞ்சம் வெடுக்கென்று பேசிவிட்டேன். எனக்கே ஏன் என்று தெரியவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

லீவு. துணி துவைத்தேன், தலைக்கு ஊற்றி முடித்தேன். சவர பிளேடு தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

ஜூலை 21, திங்கள்

பவித்ரா பேசினாள். சேலத்து மாப்பிள்ளை வீட்டாருக்கு அவளைப் பிடித்துவிட்டது. ஆடி முடியட்டும் என்று காத்திருக்கிறார்கள். ஆவணி பிறந்ததும் முதல் நாளே வீடு பார்க்க வருகிறார்களாம். அப்பா லைனில் இருக்கிறார் என்றுதான் அவர்களிடமும் சொல்லியிருக்கிறோம். "அதுக்குள்ள அந்த விசயத்த முடிச்சிரும்மா" என்றாள். சரி என்றேன்.

ஜூலை 23, புதன்

நாச்சம்மாள் இன்று ஒரு கேள்வி கேட்டார். "ஊட்டுல வெச்சுப் பாத்துக்க முடியாதவங்கள உங்காளுங்க எங்க கொண்டுபோயி உடுவாங்க அம்மிணி? எனக்கில்ல. தெரிஞ்சவங்க ஒருத்தருக்கு."

பைபாஸ் பக்கத்தில் அரசு உதவியோடு நடக்கும் இல்லத்தைப் பற்றிச் சொன்னேன். மருத்துவர் சான்று வேண்டும், ஆதார், ஊனமுற்றோர் அடையாள அட்டை, ரத்த உறவு ஒருவர் நேரில் வரவேண்டும். மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். போன வாரம்தான் நானே போய்க் கேட்டு வந்திருந்தேன். வேறு ஒருவருக்காக.

"கார்டே இல்லாத ஆளா இருந்தா?"

"கார்டு இல்லாம இந்தக் காலத்துல ஆளே இருக்க முடியாதுங்கம்மா."

"இருப்பாங்க அம்மிணி" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 26, சனி

நாச்சம்மாளுக்குப் போன் போட்டேன். எடுத்தார்கள். நாச்சம்மாங்களா வசந்தா பேசறேன் என்றேன். பதில் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. லைன் கோளாறு என்று நினைத்து வைத்துவிட்டேன். எடுத்துவிட்டார்கள் அல்லவா, அதனால் மாரப்பனை அனுப்பவில்லை.

ஜூலை 28, திங்கள்

இன்றும் அதே. எடுத்தார்கள், மூச்சு வந்தது. பிறகு டம்ளர் தரையில் தட்டியது, ஒரே சீராக. "அம்மா, உடம்புக்கு ஆகலீங்களா?" என்றேன். தட்டல் வேகமானது.

மாரப்பனைக் கூப்பிட்டு, ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அக்கா, உங்களுக்குச் சேதி தெரியாதா? நாச்சம்மா வெள்ளிக்கிழமை சாயங்காலம் சந்தையில மயங்கி உழுந்திருச்சு. கண்ணே முழிக்கல. நேத்துக் காலையில ஆஸ்பத்திரியிலயே முடிஞ்சிருச்சுங்க. ஆத்துல தண்ணி ஏறுதுன்னு மகன் அங்கிருந்தே திருப்பூருக்கு எடுத்துட்டுப் போயி எரிச்சிட்டாரு."

என் கையில் ரிசீவர் அப்படியே இருந்தது. அந்தப் பக்கம் டம்ளர் இன்னும் தட்டிக்கொண்டிருந்தது. நான்தான் வைத்தேன்.

சுமதி தன் பையிலிருந்து திருநீறு எடுத்து என் நெற்றியில் பூசிவிட்டாள். "போனவங்க பேசி வெச்ச பழக்கம் வுடாதுக்கா. நாலு நாளைக்கு அந்த நம்பருக்குப் போடாத" என்றாள். மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

ஜூலை 29, செவ்வாய்

நோட்டு தொலைந்துவிட்டது என்று மேடத்திடம் சொல்லி வேறொன்று வாங்கிக்கொண்டேன். அதில் சத்துமாவைப் பற்றி எழுதிக் கொடுத்துவிடலாம். இது இனி எனக்கு மட்டும்.

இறந்தவர் பெயரைப் பட்டியலில் எடுத்துவிட்டார்கள். எனக்கு அந்த எண் மனப்பாடம். சுமதி டீ குடிக்கப் போன நேரத்தில் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். அம்மா என்று கூப்பிட வாய் வரவில்லை. சும்மா இருந்தேன். அந்தப் பக்கமும் சும்மா இருந்தது. பயந்தேன். ஆனால் அந்த மூச்சை எனக்குத் தெரியும்.

எழுதிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் லைனில் இல்லை. நாலு வருஷத்துக்கு முன் ஓங்கோல் பக்கம் வண்டி கவிழ்ந்து தலையில் அடிபட்டது. பேச்சு போய்விட்டது, வலது பக்கம் சரியாக வராது, ஆனால் நடப்பார். கதவு திறந்திருந்தால் ரோட்டில் இறங்கி, நிற்கிற லாரியில் எல்லாம் ஏறப் பார்ப்பார். அதனால் நான் வேலைக்குக் கிளம்பும்போது வெளியே பூட்டிவிட்டு வருகிறேன். மத்தியானம் போய் ஊட்டுகிறேன், துடைத்துவிடுகிறேன், மறுபடி பூட்டுகிறேன். தெருவில் எல்லோருக்கும் அவர் லைனில் இருக்கிறார். ஆரம்பத்தில் கடன்காரர்களுக்காகச் சொன்ன பொய் இது. பிறகு பவித்ராவுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தோம், பொய் அப்படியே நின்றுவிட்டது.

பதினோரு மணிக்குத் தினமும் வீட்டுக்குப் போன் போடுவேன். பச்சைப் பட்டனை அழுத்த அவருக்குப் பழக்கியிருக்கிறேன். எடுப்பார், மூச்சு வரும். நான்தான், தண்ணி குடிங்க என்று சொல்லிவிட்டு வைப்பேன். பேசத் தெரிந்தவர்கள் எடுத்தால் ஒரு அலோவாவது சொல்வார்கள். பேச விருப்பமில்லாதவர்கள் துண்டித்துவிடுவார்கள். பேசவும் முடியாமல் வைக்கவும் மனசில்லாமல் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிற மூச்சு வேறு. நாலு வருஷமாக அதைக் கேட்கிறேன்.

ஜூலை 30, புதன்

அணையில் உபரி நீர் திறந்துவிட்டார்கள். கரையோரம் இருப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லி ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போகிறார்கள்.

மேடத்திடம் சொன்னேன். போனை மகன் எடுத்துப் போயிருப்பார், கேட்டுப் பாருங்கள் என்றார். மகன் பெயர் தனபால், திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். போட்டேன்.

"அம்மா போன் ஊட்டுக்குள்ளதான் கெடக்குமுங்க. எப்பவும் சார்ஜ்லதான் சொருகி வெச்சிருப்பாங்க. சாவி ஆஸ்பத்திரியில குடுத்தாங்க, எங்கிட்டத்தான் இருக்குது. கருமாதி முடிச்சுட்டு வந்துதான் தொறக்கோணும்."

"உள்ள வேற ஆராச்சும் இருக்காங்களா?"

"எங்கம்மா ஒண்டிக்கட்டைங்க."

"உங்களுக்குக் கூடப்பொறந்தவங்க?"

பின்னால் ஏதோ மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"அக்கா ஒருத்தி இருந்தாளுங்க. என் கல்யாணத்துக்கு முந்தியே செத்துப்போயிட்டா. எதுக்குங்க இதெல்லாம்?"

வைத்துவிட்டார். அப்படியானால் அந்த வீட்டில் செத்தவர்கள் இருவர். மறுபடி ஆற்றோர வீதிக்குப் போட்டேன். எடுத்தார்கள். "சாப்ட்டியா?" என்றேன். ஏன் ஒருமையில் கேட்டேன் என்று தெரியவில்லை. டம்ளர் இரண்டே தரம் தட்டியது, பலமில்லாமல்.

ஜூலை 31, வியாழன்

நேற்று ராத்திரியே கரையோர வீதிகளுக்குக் கரண்ட்டை நிறுத்தியிருக்கிறார்கள். காலையில் போட்டேன், மணி அடித்தது, எடுக்கவில்லை. அடுத்த தரம் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று பதிவுக் குரல் சொன்னது. நான் எழுந்துவிட்டேன். மாரப்பா வண்டியை எடு என்றேன். மேடம் ஏதோ கேட்டார். நான் பதில் சொல்லாமல் படியிறங்கியது அவருக்குக் கோபமாக இருந்திருக்கும்.

ஆற்றோர வீதி காலியாகக் கிடந்தது. தண்ணீர் கடைசிப் படித்துறையைத் தாண்டித் தெருமுனையில் நின்றது. வி.ஏ.ஓ. குடையோடு நின்றுகொண்டு எல்லா வீடும் காலி என்று யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். சின்ன வயசுப் பையன்தான், மூன்று நாளாகத் தூங்காத கண்.

"சார், இந்தப் பூட்டை உடைக்கோணும்."

"வெளிய பூட்டியிருக்குங்க. ஆளிருந்தா எப்படிப் பூட்டியிருக்கும்?"

"உள்ள ஆள வெச்சுத்தான் பூட்டியிருக்கு."

"பார்த்தீங்களா?"

"கேட்டேன். போன்ல."

"என்ன பேசுனாங்க?"

"பேசல."

அவர் மாரப்பனைப் பார்த்தார். மாரப்பன் தரையைப் பார்த்தார். பூட்டிய வீட்டை உடைக்கத் தனக்கு அதிகாரமில்லை, உரிமைக்காரர் வரட்டும் என்றார். உரிமைக்காரர் வருவதற்குள் தண்ணீர் வந்துவிடும். எனக்கு வேறு வழி தோன்றவில்லை.

"சார், எங்கூட்டுக்காரருக்குப் பேச்சு வராது. தெனமும் நானும் அவர இப்படித்தான் வெளிய பூட்டிட்டு வேலைக்கு வர்றேன். இப்பவும் பூட்டிட்டுத்தான் வந்து நிக்கறேன். போன் போட்டா அவர் எப்படி எடுப்பாரோ அப்படித்தான் இங்க எடுக்கறாங்க. எனக்குத் தெரியும் சார்."

வருஷக்கணக்காகக் காப்பாற்றியதை நடுத்தெருவில் கொட்டிவிட்டேன். வி.ஏ.ஓ. கதவை விட்டு ஒதுங்கி நின்றார். மாரப்பன் படித்துறைக் கல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து பூட்டில் போட்டார்.

பின்கட்டு அறையில் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பதுக்குப் பக்கம் இருக்கும். சூம்பிய கால்கள், கட்டையாக வெட்டிய தலைமுடி, பூப்போட்ட நைட்டி. அறை நாறியது, நைட்டி நனைந்து காய்ந்திருந்தது. ஆனால் கை கால் நகமெல்லாம் ஒழுங்காக வெட்டியிருந்தது, உடம்பில் ஒரு படுக்கைப் புண் இல்லை. நாச்சம்மாள் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று அதிலேயே தெரிந்தது. எட்டுகிற உயரத்தில் வைத்திருந்த தண்ணீர்க் குடம் காலி. சத்துமாவுப் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து மாவை அப்படியே தின்றிருக்கிறாள், வாயைச் சுற்றி ஒட்டியிருந்தது. ஒரு கையில் டம்ளர், ஒரு கையில் செத்துப்போன போன்.

மாரப்பனைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டு முகத்தை மூடினாள். வி.ஏ.ஓ. பெயரென்ன என்று கேட்டார், இன்னும் ஒடுங்கினாள். என்ன செய்வதென்று தெரியாமல் பழக்கத்தில் என் வாயில் வந்துவிட்டது. "நாச்சம்மாங்களா, வசந்தா பேசறேன்."

கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

தினமும் காலையில் ஸ்பீக்கரில் என் குரலைக் கேட்டுக்கொண்டு இந்த அறையில் இருந்திருக்கிறாள். அவள் அம்மாவைத் தவிர அவளுக்குத் தெரிந்த இன்னொரு ஆள் நான்தான். அந்தத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். வி.ஏ.ஓ. குடையை மடக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வீட்டுக்கு வரச் சாயங்காலம் ஆகிவிட்டது. இவர் மத்தியானச் சாப்பாடு இல்லாமல் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அவள் பெயர் மஞ்சுளா. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறுகிறது, பிழைத்துக்கொள்வாள் என்றார்கள்.

தனபால் மனைவியோடு வந்தார். வார்டு வாசல் வரை வந்தவர் உள்ளே வரவில்லை. யாருங்க இது என்று அவர் மனைவி கேட்டாள். "அம்மாவுக்கு ஒத்தாசைக்கு வெச்சிருந்த பொண்ணு" என்றார். மஞ்சுளா கட்டிலில் எழுந்து உட்கார முயன்றாள். வாயிலிருந்து ஏதோ வந்தது, "தம்" என்று ஆரம்பிக்கிற மாதிரி. மனைவி பாவம் என்று சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. நம் குடும்பமா என்று இருந்துவிட்டேன்.

பிறகு சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இப்படி ஒருத்தி ஊட்ல இருந்தா ஆருங்க பொண்ணு குடுப்பாங்க? அப்பாதான் கொண்டுபோயி தூரத்துல ஒரு ஆசிரமத்துல உட்டுட்டு வந்தாரு. கேக்கறவங்களுக்குப் பதில் சொல்லி முடியல. அங்கயே செத்துட்டான்னு சொல்லி கருமாதிச் சோறு போட்டோம். ஊரே வந்து தின்னுச்சு. அப்பா போனதுக்கப்பறம் அம்மா அவளக் கூட்டிட்டு வந்து வெச்சிருக்கறது சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. தீபாவளிக்கு வருவேன். முன்னால ரூம்ல உக்காந்து பலகாரந் தின்னுட்டுப் போயிருவேன்."

"கூட்டிட்டு வந்தவங்க வெளிய சொல்லியிருக்கலாமே."

"கருமாதி போட்டவள எங்கிருந்துங்க கூட்டிட்டு வந்தேன்னு சொல்றது?"

கார்டு இல்லாத ஆள் இருப்பாங்க அம்மிணி. எனக்கு அந்தக் குரல் காதிலேயே நிற்கிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையில் அலுவலகத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். நர்ஸ் ஊட்டினால் மஞ்சுளா வாயைத் திறப்பதில்லை. நான் போய், தூங்கினீங்களா, சாப்ட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று மூன்றையும் கேட்டால் திறக்கிறாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரிக்கிறார்கள். அவளும் சிரிக்கிறாள். அடிக்கடி வாசலையே பார்க்கிறாள். அம்மா எங்கே என்று கேட்க அவளுக்குச் சொல் இல்லை.

மஞ்சுளாவுக்குக் கார்டு வாங்க மேடம் அலைந்துகொண்டிருக்கிறார். ரத்த உறவு ஒருவர் வந்து ஒப்புக்கொண்டால்தான் கார்டு வேலை சீக்கிரம் நகரும். தனபால் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாராம். என் வீட்டு விஷயம் மாரப்பன் மூலமாக மேடத்துக்குத் தெரிந்துவிட்டது. ஏன் வசந்தா, நீங்களே இந்தத் திட்டத்தில்தானே வேலை பார்க்கிறீர்கள், பகல் நேரப் பராமரிப்பு மையம் இருக்கிறது, காலையில் மாரப்பனே வந்து கூட்டிப்போவார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பவித்ரா இல்லத்தில் பேசி முடித்துவிட்டாள். வியாழக்கிழமை இவரைக் கொண்டுபோய் விடவேண்டும்.

"கல்யாணம் முடியற வரைக்குந்தாம்மா. அப்பறம் கூட்டிட்டு வந்துக்கலாம்."

"அப்பறம் எப்படிடி கூட்டிட்டு வர்றது? எங்கிருந்து வந்தார்னு உன் மாமியார்கிட்டச் சொல்லுவ?"

"லைன்ல இருந்து வந்தாரு, வழியில ஆக்சிடெண்ட்டுனு சொல்லிக்கலாம்." அவள் அதைக்கூட யோசித்து வைத்திருந்தாள். பிறகு அழுதாள். "எனக்கு மட்டும் ஆசையாம்மா? ரெண்டு எடத்துல அப்பாவப் பத்தி உண்மையச் சொன்னதும் எந்திரிச்சுப் போனாங்களே, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அதில் ஒரு வீட்டார் காபியைக்கூடத் தொடவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டி, ஆட்டோவில் ஏற்றினேன். வண்டி என்றதும் அவருக்குச் சந்தோஷம். இல்லம் நன்றாகத்தான் இருக்கிறது. பெருக்கிய வாசல், வேப்பமரம், சுத்தமான கட்டில்கள். அங்கே இருப்பவர்களைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறது, பழம் வாங்கி வருகிறார்கள். இவரைப் பார்க்க நாங்கள் வரமுடியாது. லைனில் இருக்கிற ஆளை இல்லத்தில் போய் எப்படிப் பார்ப்பது?

கேட்டில் ஆட்டோ நின்றது. நான் இறங்கவில்லை. அவரையும் இறக்கவில்லை. டிரைவர் ஏனுங்க என்றார். திருப்புங்க என்றேன்.

பவித்ராவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

பவித்ரா ஓசூரிலிருந்து வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே உள்ளே அவரைப் பார்த்துவிட்டாள். பையைக் கீழே வைக்கவில்லை. "சொன்னியேம்மா" என்றாள். போன மாசம் சரி என்றது நான்தான். வியாழக்கிழமைக்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை, அதனால் விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று எடுத்துக்கொண்டாள். அது என் தப்புதான்.

அவர் அவள் பையை வாங்கக் கை நீட்டிக்கொண்டே நின்றார். ஒவ்வொரு தரமும் நிற்பார். சின்ன வயசில் பஸ்ஸை விட்டு இறங்கினால் பையை அவர்தான் வாங்குவார். கடைசியில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள். மஞ்சுளாவைப் பற்றிச் சொன்னேன். குளியலறைக்குள்ளிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் வந்தது. வெளியே வந்ததும், நாளைக்கு மட்டும் அப்பாவை உள்ளறையில் வைத்திரு, ஒரு மணி நேரம்தான், அப்புறம் நானே பக்குவமாகச் சொல்லிவிடுகிறேன் என்றாள். என் மகள் கெட்டவள் இல்லை. இதை எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. பதினோரு மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, அத்தை ஒருவர்.

அவரை உள்ளறையில் வைக்கவில்லை. முன்னறையில் ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன். பவித்ரா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. வந்தவர்கள் உட்கார்ந்தார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள், ஆற்றில் எவ்வளவு தண்ணீர் என்று கேட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா இரண்டு மூன்று தரம் நாற்காலிப் பக்கம் பார்த்துவிட்டு, "இவிங்க ஆருங்க?" என்றார்.

நான் காபித் தட்டோடு நின்றிருந்தேன். வாயைத் திறப்பதற்குள் பவித்ரா சொல்லிவிட்டாள்.

"பெரியப்பாங்க அத்தை. அப்பாவோட அண்ணன். ஒடம்புக்கு முடியாம இங்க இருக்காரு."

நன்றாகச் சொன்னாள், தடுமாறாமல். அவர் அவளைப் பார்த்தார். பேச்சுத்தான் போனது, காது போகவில்லை, புத்தி போகவில்லை. அவருக்குப் புரிந்தது. இடது கையால் வேட்டியை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆஸ்பத்திரியில் நின்ற மாதிரியே நின்றுகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது.

தட்டைக் கீழே வைத்தேன். "இல்லீங்க. இவர் என் வீட்டுக்காரர், பவித்ராவோட அப்பா, பேர் குழந்தைவேல்" என்றேன். மூன்றையும் சொன்னேன். ஒன்றை விட்டாலும் அவரைப் பாதி புதைத்த மாதிரி ஆகிவிடும் என்று பட்டது. "லைன்ல இருக்கார்னு சொன்னது நான் சொன்ன பொய்யுங்க. இந்தக் கல்யாணம் நடக்கோணும்னுதான் சொன்னேன். நாலு வருசமா இந்த ஊட்டுக்குள்ளதான் இருக்கார்."

மாப்பிள்ளை எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். அவருடைய அப்பா இவரைப் பார்த்துக் கும்பிட்டார். என்ன மனசோடு கும்பிட்டார் என்று எனக்குத் தெரியாது. அவருடைய அம்மா காபியில் பாதி குடித்தார். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். தனபாலும் இதையேதான் சொன்னார். இவர்கள் சொல்வார்களா, தெரியவில்லை.

கார் கிளம்பியதும் பவித்ரா உள்ளறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். கூப்பிட்டும் திறக்கவில்லை. அவர் எழுந்து, காலை இழுத்துக்கொண்டு போய், அந்தக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. முன்வாசலை அகலத் திறந்துதான் வைத்திருக்கிறேன், அந்தப் பக்கம் அவர் திரும்பியும் பார்க்கவில்லை. இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.